கோடைக்கால ஆய்வகப் பயிற்சி: முதன்முறை போகிறவர்களுக்கு

கல்லூரிச் செய்முறை வகுப்பில் விடை முன்பே தெரியும். டைட்ரேஷனில் எந்த இடத்தில் நிறம் மாற வேண்டும் என்று கையேட்டில் இருக்கும்; மாறாவிட்டால் நாம் எங்கோ தவறியிருக்கிறோம் என்று பொருள். ஆய்வகத்தில் விடை யாருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறவருக்கும் தெரியாது. கோடை விடுமுறையில் எட்டோ பத்தோ வாரம் பயிற்சிக்குப் போகிற மாணவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நானும் இளநிலை படிக்கும்போது அப்படி ஒரு கோடையில் உள்ளே போனவள். இப்போது ஒவ்வொரு கோடையிலும் என் பக்கத்து மேசைக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். அவர்களிடம் வாய்மொழியாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் உயிர்வேதியியல்காரி என்பதால் உதாரணங்கள் அந்தப் பக்கமே சாயும். வானியலோ கணினி மாதிரியோ எடுத்தவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். மாணவர்கள் பெரிய விஷயங்களைக் கண்டுபிடித்தது உண்டு. 2019 கோடையில் நாசாவின் காடர்ட் மையத்துக்குப் பயிற்சிக்கு வந்த வுல்ஃப் குக்கியர் என்ற 17 வயது மாணவர், கோள்களைத் தேடும் டெஸ் விண்கலத்தின் தரவைப் பார்க்கத் தொடங்கிய மூன்றாம் நாளே ஒரு வித்தியாசமான ஒளிக்குறைவைக் கவனித்தார். அது இரண்டு விண்மீன்களைச் சேர்த்துச் சுற்றிவரும் ஒரு கோள் என்று பிறகு உறுதியானது. விண்வெளியிலிருந்து நொடிக்கும் குறைவான நேரத்தில் வந்து மறையும், வேக ரேடியோ வெடிப்புகள் என்று வானியலாளர்கள் இன்று துரத்துகிற நிகழ்வில் முதலாவது, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 2001-ல் பதிவானது. 2007-ல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புக்காகப் பழைய பதிவுகளை அலசியவர் டேவிட் நார்கேவிச் என்ற இளநிலை மாணவர். இன்னும் பின்னால் போனால், 1911-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரபியலாளர் மார்கனின் ஆய்வகத்தில் இருந்த ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட், கல்லூரிப் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒரே இரவில் பழ ஈயின் குரோமோசோமில் மரபணுக்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று வரைந்துவிட்டார். உலகின் முதல் மரபணு வரைபடம் அது.

இவற்றைப் படித்ததும் நாமும் ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசை வரும். வரட்டும். ஆனால் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. மூன்று பேர் முன்னாலும் வேறு யாரோ ஒழுங்காகச் சேர்த்துவைத்த தரவு இருந்தது. பார்க்ஸ் பதிவு வருடக்கணக்கில் காப்பகத்தில் கிடந்தது. எந்த நாள், வானின் எந்தத் திசை, கருவியின் எந்த அமைப்பு என்ற விவரங்கள் அதோடு இல்லாமல் இருந்திருந்தால் நார்கேவிச் எடுத்தும் பயனில்லை. கண்டுபிடிப்பு உங்கள் வாரங்களுக்குள் வந்து விழுமா என்பது உங்கள் கையில் இல்லை. நீங்கள் போன பிறகு உங்கள் வேலையை இன்னொருவர் எடுத்துத் தொடர முடியுமா என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதை நோக்கித்தான் போகிறது.

இடம் தேடுவது

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அமைப்புகள் நடத்தும் திட்டங்கள். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு நல்கை இரண்டு மாதங்களுக்கானது. ஜெனீவாவில் செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் கோடை மாணவர் திட்டம் இருக்கிறது. ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம் வெளிநாட்டு மாணவர்களையும் ஆய்வுப் பயிற்சிக்கு எடுக்கிறது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்தும் இளநிலை மாணவர் திட்டம் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் உரியது. விண்ணப்பிக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட பல திட்டங்களின் கடைசித் தேதி கோடைக்கு வெகு முன்பே, குளிர்கால மாதங்களிலேயே முடிந்துவிடும். தேர்வு முடிந்த பிறகு தேடலாம் என்று இருந்தால் கதவு மூடியிருக்கும்.

இரண்டாவது வழி, ஆய்வகத் தலைவருக்கு நேராக மின்னஞ்சல் எழுதுவது. யாருக்கு எழுதுவது என்று முடிவெடுக்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அந்தக் குழுவின் கடைசி இரண்டு மூன்று வருடக் கட்டுரைகளைத் தேடுங்கள். குழுவின் பக்கத்தில் முன்பு வந்துபோன இளநிலை மாணவர்களின் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், சொல்லித் தந்து பழகிய இடம் என்று அர்த்தம். நாற்பது பேர் இருக்கும் புகழ்பெற்ற குழுவா, ஆறு பேர் இருக்கும் சின்னக் குழுவா என்று கேட்டால், முதல் பயிற்சிக்கு நான் சின்னதைத்தான் சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கையைப் பார்க்க ஒருவருக்கு நேரம் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

மின்னஞ்சல்

சுருக்கமாக எழுதுங்கள். கைபேசித் திரையில் இரண்டு முறை உருட்டினால் முடிந்துவிட வேண்டும். நீங்கள் யார், என்ன படிக்கிறீர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், என்னென்ன தெரியும், ஏன் இந்த ஆய்வகம். இவ்வளவுதான்.

கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் பெரும்பாலான கடிதங்கள் விழுகின்றன. ‘தங்கள் ஆய்வுகளால் மிகவும் ஈர்க்கப்பட்டேன்’ என்ற வரியை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். படிக்கிறவருக்கும் அது தெரியும். அதற்குப் பதிலாக இப்படி ஒரு வரி இருக்கட்டும்: ‘உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்தில் வெப்பம் ஏறியதும் நொதியின் செயல்பாடு சட்டென்று குறைகிறது. புரதம் குலைவதாலா, ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதாலா என்று எப்படிப் பிரித்துப் பார்த்தீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை.’ புரியவில்லை என்று எழுதுவதில் வெட்கம் வேண்டாம். உட்கார்ந்து படித்த ஒருவரால்தான் எந்த இடத்தில் புரியவில்லை என்று சொல்ல முடியும்.

ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். பதில் வராததற்கும் உங்கள் தகுதிக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. அவர்களுக்கு இடம் இல்லை, அல்லது நேரம் இல்லை.

சரி என்று பதில் வந்தால் தயங்காமல் கேட்க வேண்டியவை: உதவித்தொகை உண்டா, தங்குமிடம் யார் பொறுப்பு, காப்பீடு வேண்டுமா, என்ன ஆவணங்கள் தர வேண்டும், தினமும் யாருடன் வேலை செய்யப்போகிறேன். பணத்தைப் பற்றிக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். கேட்டே ஆகுங்கள். அதுவும் எழுத்தில் கேளுங்கள்.

போவதற்கு முன்

அந்தக் குழுவின் கட்டுரைகளில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து நிதானமாகப் படியுங்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போகாதீர்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராகப் படங்களுக்குப் போங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ‘எதை அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாத படத்துக்கு மட்டும் செய்முறைப் பகுதியைத் திறங்கள். செய்முறைப் பகுதியில் வரும் கருவிகளின் பெயர்கள்தான் நீங்கள் முதல் வாரத்தில் காதில் கேட்கப்போகும் சொற்கள்.

அடுத்தது கணக்கு. கடினமான கணக்கு எதுவும் வேண்டாம். கரைசல் தயாரிக்கும் கணக்கு தடங்கலில்லாமல் வர வேண்டும். 0.5 மோலார் சோடியம் குளோரைடு 250 மில்லி வேண்டும் என்றால் எவ்வளவு உப்பு? மோலார் நிறை 58.44, 58.44 × 0.5 × 0.25, அதாவது 7.3 கிராம். 5 மோலார் ஸ்டாக்கிலிருந்து (முன்பே செறிவாகத் தயாரித்து வைத்த கரைசல்) 150 மில்லிமோலார் கரைசல் 100 மில்லி செய்ய எவ்வளவு எடுக்க வேண்டும்? 3 மில்லி. மில்லி, மைக்ரோ, நானோ மாறும்போது மனம் தடுமாறாமல் இருக்கும்வரை தினமும் நாலு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆய்வகத்தில் வீணாகும் நாட்களில் ஒரு நல்ல பங்கு, புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனதால் வீணானவை.

பைத்தானோ ஆர் மொழியோ ஏதாவது ஒன்றில், ஒரு அட்டவணையைத் திறந்து சராசரி எடுத்து வரைபடம் போடத் தெரிந்தால் போதும். மீதி அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்.

முதல் வாரம்: பாதுகாப்பு

முதல் நாள் சுற்றிக் காட்டும்போது கருவிகளை வேடிக்கை பார்க்கும் ஆர்வத்தில் முக்கியமானவை கண்ணில் படாமல் போகும். கண் கழுவும் இடம், அவசரக் குளியல், தீயணைப்பான், சிந்தினால் துடைக்கும் பெட்டி, வெளியேறும் வழி, அவசர எண். இந்த ஆறும் எங்கே இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிய வேண்டும். கண்ணில் ரசாயனம் பட்டால் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். அப்போது போய்த் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எந்தப் பாட்டிலையும் திறக்கும் முன் அதன் பாதுகாப்புத் தாளைப் படியுங்கள். எந்தக் கையுறை எதைத் தாங்கும் என்பதையும் அதில் பாருங்கள். கையுறை போட்டுவிட்டால் கவலையில்லை என்ற நினைப்பு ஆபத்தானது. 1996-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியல் பேராசிரியரின் கையுறை மேல் டைமெதில் மெர்க்குரி சில துளிகள் விழுந்தன. அவர் அனுபவசாலி, அன்றைய விதிப்படிதான் வேலை செய்தார். ஆனால் அந்தத் திரவம் லேட்டெக்ஸ் கையுறையை நொடிகளில் ஊடுருவக்கூடியது என்பது அப்போது பரவலாகத் தெரியாது. அடுத்த ஆண்டு ஜூனில் பாதரச நஞ்சால் இறந்தார். அவருடைய மரணத்துக்குப் பிறகுதான் அந்தச் சேர்மத்தைக் கையாளும் விதிகள் மாறின. நீங்கள் படிக்கிற பாதுகாப்புத் தாளின் வரிகளுக்குப் பின்னால் இப்படி மனிதர்கள் இருக்கிறார்கள். அதை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

தினசரிப் பழக்கங்கள் சில. கையுறையோடு கதவுக் கைப்பிடி, கைபேசி, விசைப்பலகை எதையும் தொடாதீர்கள். உங்களுக்குப் பிறகு வெறும் கையோடு வருகிறவருக்குத்தான் அது ஆபத்து. அமிலத்தைத் தண்ணீரில்தான் சேர்க்க வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. குழாய்களை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிபியூஜில் எதிரெதிர்க் குழாய்கள் சம எடையில் இருக்க வேண்டும். நீங்கள் வைக்கப்போவது ஒரே குழாய் என்றால், எதிரில் அதே எடைக்குத் தண்ணீர் நிரப்பிய குழாய் வையுங்கள். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் இருக்கிறது, ஆவியானால் ஏறக்குறைய 700 மடங்கு விரிகிறது. அதை இறுக மூடிய பாத்திரத்தில் ஒருபோதும் வைக்கக் கூடாது. காற்றோட்டமில்லாத சின்ன அறையில் திறக்கவும் கூடாது, அறையிலிருக்கும் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் அழுத்தத்தோடு ஓடுகிறது. அழுத்தம் முழுக்க இறங்கும் முன் கதவில் கை வைக்காதீர்கள். எந்தக் கழிவு எந்தத் தொட்டிக்கு என்று தெரியாவிட்டால் கழுவுதொட்டியில் ஊற்றாமல் ஓரமாக வைத்துக் கேளுங்கள்.

இரவில் தனியாக வேலை செய்யச் சொன்னால் மறுக்கலாம். பயிற்சி மாணவர்களைத் தனியாக விடக் கூடாது என்பதே நல்ல ஆய்வகங்களின் வழக்கம்.

கை பழகுவது

மைக்ரோபிப்பெட்டைப் பிடித்தவுடன் எளிதாகத்தான் தெரியும். அழுத்தினால் இரண்டு நிறுத்தங்கள் இருக்கும். முதல் நிறுத்தம் வரை அழுத்தித் திரவத்தை எடுக்க வேண்டும். வெளியே விடும்போது இரண்டாவது வரை. எடுக்கும்போதே இரண்டாவது வரை அழுத்திவிட்டால் அளவு கூடிவிடும், பார்வைக்குத் தெரியவும் தெரியாது. உள்ளே திரவம் இருக்கும்போது பிப்பெட்டைப் படுக்க வைக்காதீர்கள். கட்டை விரலை மெதுவாக விடுங்கள். சட்டென்று விட்டால் திரவம் உள்ளே தெறித்துக் கருவியைக் கெடுக்கும்.

கை சரியாகப் பழகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள நல்ல வழி ஒன்று இருக்கிறது. நுண்தராசில் ஒரு சிறு கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். 100 மைக்ரோலிட்டர் தண்ணீரை பத்து முறை விட்டு, ஒவ்வொரு முறையும் எடையைக் குறியுங்கள். ஒரு மைக்ரோலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம், ஆகவே ஒவ்வொன்றும் 0.1 கிராமுக்கு மிக அருகில் வர வேண்டும். எல்லா எண்ணும் ஒரே பக்கமாக விலகினால் கருவியைச் சரிபார்க்க வேண்டியிருக்கலாம். எண்கள் முன்னும் பின்னும் சிதறினால் கை இன்னும் பழகவில்லை. முதல் வாரத்திலேயே இதைச் செய்து, தேதி போட்டுக் குறிப்பேட்டில் ஒட்டிவையுங்கள். பிறகு வரும் எந்த முடிவையும் நம்புவதற்கு இது அடித்தளம்.

குறிப்பேடு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மைக்கேல் ஃபாரடே தன் ஆய்வுக் குறிப்புகளின் பத்திகளுக்கு வரிசை எண் போட்டார். அந்த எண் கடைசியில் 16,000-ஐத் தாண்டியது. வருடங்கள் கழித்து ஒரு சோதனைக்குத் திரும்பும்போது ‘பத்தி இன்ன எண்ணைப் பார்’ என்று எழுத அவரால் முடிந்தது. எண் போடுவதில் மேதைமை எதுவும் தேவையில்லை, பொறுமை போதும். நீங்களும் பக்கங்களுக்கு எண் போடுங்கள். முதல் இரண்டு பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு விட்டுவிடுங்கள்.

பேனாவால் எழுதுங்கள். தவறினால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள்; அழித்தால் என்ன இருந்தது என்பது காணாமல் போகும். வேலை நடக்கும்போதே எழுதுங்கள். சாயங்காலம் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால், நடந்தது ஒன்றும் நடந்திருக்க வேண்டியது ஒன்றுமாகக் கலந்துவிடும்.

என்ன எழுதுவது? பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்காகப் பெருக்கும் முறை; பெருகிய டிஎன்ஏ ஜெல்லில் பட்டையாகத் தெரியும். ‘பிசிஆர் செய்தேன், வரவில்லை’ என்ற குறிப்பால் யாருக்கும் உபயோகமில்லை. இப்படி எழுதலாம்: ‘ஜூன் 14, காலை 10.20. நேற்று பக்கம் 31-ல் உள்ள அதே முறை. ஒரே மாற்றம்: மெக்னீசியம் குளோரைடு 1.5-க்குப் பதில் 2.5 மில்லிமோலார். பாலிமரேஸ் புதிய பெட்டி, லாட் எண் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. மூன்றாம் குழாயில் குமிழ் இருந்தது, சுற்றி இறக்கினேன். எதிர்பார்ப்பு: பட்டை அடர்த்தியாக வரும்.’ எதிர்பார்ப்பை முன்கூட்டியே எழுதுவது மிக முக்கியம். முடிவு வந்த பிறகு ‘நான் நினைத்தது இதுதான்’ என்று மனம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும். எழுதிவைத்த வரி அதற்கு இடம் கொடுக்காது.

வினோதமாக எதைப் பார்த்தாலும் எழுதிவிடுங்கள், அர்த்தம் புரியாவிட்டாலும் சரி. 1967-ல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜாஸ்லின் பெல், வானொலித் தொலைநோக்கியின் காகிதப் பதிவில் ஒரு சின்னக் கிறுக்கலைக் கவனித்தார். தேடிக்கொண்டிருந்த மினுக்கும் வானொலி மூலங்களுக்கும் பொருந்தவில்லை, பூமியிலிருந்து வரும் இரைச்சலுக்கும் பொருந்தவில்லை. வானின் அதே பகுதியிலிருந்து முன்பும் இதைப் பார்த்திருக்கிறோமே என்று அவருக்கு நினைவு வந்தது. பழைய சுருள்களைத் திரும்பப் புரட்டினார். சீரான இடைவெளியில் வானொலித் துடிப்புகள் அனுப்பும் விண்மீனான பல்சரில் முதலாவது அப்படித்தான் வெளியே வந்தது. திரும்பப் புரட்டுவதற்குப் பழைய பதிவுகள் வைத்த இடத்தில் இருந்தன என்பதையும் பாருங்கள்.

கணினியில் இருக்கும் தரவு

கருவியிலிருந்து வந்த மூலக் கோப்பை ஒருபோதும் திருத்தாதீர்கள். அதற்குத் தனி அடைவு வைத்து, படிக்க மட்டும் முடியும்படி பூட்டிவிடுங்கள். கூட்டல் கழித்தல் எல்லாம் நகலில்தான். கோப்பின் பெயர் தேதியோடு தொடங்கட்டும்: ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். அப்படிப் போட்டால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். ‘கடைசி’, ‘புதிய கடைசி’ என்று பெயர் வைத்தால் ஆறாவது வாரத்தில் எது கடைசி என்று உங்களுக்கே தெரியாது.

எக்செலில் கவனம் தேவை. மார்ச்1, செப்ட்2 என்ற பெயருடைய மனித மரபணுக்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். வெளியான கட்டுரைகளின் இணைப்பு அட்டவணைகளில்கூட இந்தப் பிழை நுழைந்து, கடைசியில் மரபணுப் பெயர்களைத் தீர்மானிக்கும் குழு 2020-ல் வெளியிட்ட நெறிமுறையில், இப்படிக் குழப்பும் பெயர்களை மாற்றிய விவரத்தையே சேர்க்க வேண்டியதாயிற்று. மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1, செப்ட்2 இப்போது செப்டின்2. உங்கள் மாதிரிக் குழாய்களின் பெயர்களும் இப்படி மாறாமல் இருக்க, அந்த நெடுவரிசையை எழுத்து வடிவம் என்று முன்பே அமைத்துவிடுங்கள்.

இன்னொன்று, மீள்செய்தல்கள். ஒரே குழாயிலிருந்து அளவுத் தட்டின் மூன்று குழிகளில் விட்டு அளந்தால் அது மூன்று சோதனை ஆகாது; உங்கள் கையும் கருவியும் எவ்வளவு சீராக இருக்கின்றன என்றுதான் அது சொல்லும். தனித்தனியாக வளர்த்த மூன்று வளர்ப்புகளில் செய்தால்தான் உயிரியைப் பற்றி ஏதாவது தெரியவரும். வரைபடத்தில் பிழைக்கோடு போடும்போது இரண்டில் எது என்று அடியில் எழுதுங்கள்.

கேள்வி கேட்பது

வழிகாட்டியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மணிக்கணக்காகத் தனியே போராடுகிற மாணவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். அந்த மரியாதை புரிகிறது, ஆனால் அதனால் இருவருக்குமே நஷ்டம். இருபது நிமிடம் நீங்களே முயலுங்கள். முடியாவிட்டால் எழுந்து போய்க் கேளுங்கள். கேட்கும்போது ‘இதைச் செய்தேன், இப்படி வந்தது, காரணம் இதுவோ என்று நினைக்கிறேன்’ என்று மூன்றையும் சொல்லுங்கள். ஆபத்து சம்பந்தப்பட்டதென்றால் இருபது நிமிடக் கணக்கும் வேண்டாம், உடனே கேளுங்கள்.

கையில் நோட்டு இல்லாமல் கேட்கப் போகாதீர்கள். அவர் விளக்கியதும் ‘அப்படியென்றால் நான் முதலில் இதைச் செய்து, அப்புறம் இதைச் செய்ய வேண்டும், சரிதானே?’ என்று உங்கள் வார்த்தைகளில் திருப்பிச் சொல்லுங்கள். தலையாட்டிவிட்டு வந்து பிறகு விழிப்பதைவிட இது மேல். ஆய்வகத் தலைவரைவிட, தினமும் மேசையில் நிற்கும் ஆய்வு மாணவர்களுக்கும் தொழில்நுட்ப உதவியாளருக்கும்தான் கருவியின் மனநிலை தெரியும். அவர்களிடம் பணிவாக இருங்கள். குளிர்பெட்டியில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் அவர்கள்தான்.

சோதனை வரவில்லை

வராது. பல வாரம் வராது. இதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். வராத சோதனையிலிருந்து எதையாவது தெரிந்துகொள்ள முடிகிறதா என்பதைக் கட்டுப்பாட்டுச் சோதனைகள்தான் தீர்மானிக்கும். பிசிஆரில் டிஎன்ஏவுக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்றும், நிச்சயம் வேலை செய்யும் என்று தெரிந்த டிஎன்ஏ விட்ட குழாய் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். தண்ணீர்க் குழாயில் பட்டை வந்தால் எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது. தெரிந்த டிஎன்ஏவிலேயே பட்டை வராவிட்டால் வினைப்பொருளிலோ இயந்திரத்திலோ கோளாறு. இரண்டும் சரியாக இருந்து உங்கள் மாதிரி மட்டும் வரவில்லையென்றால், அப்போதுதான் மாதிரியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பதற்றத்தில் வெப்பம், செறிவு, நேரம் மூன்றையும் மாற்றினால், வந்துவிட்டால்கூட எதனால் வந்தது என்று தெரியாது.

விலகி நிற்கும் எண்ணைப் பிடிக்கவில்லை என்பதற்காக நீக்காதீர்கள். நீக்கக் காரணம் இருந்தால் அந்தக் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதி, வழிகாட்டியிடம் காட்டி, பிறகு செய்யுங்கள்.

ஆட்கள் பிரச்சினையானால்

கண்ணாடிக் கலங்களைக் கழுவுவது, பிப்பெட்டின் நுனிகளைப் பெட்டியில் அடுக்குவது எல்லாம் எல்லோரும் செய்யும் வேலை. அதில் உங்கள் பங்கைச் செய்யுங்கள். ஆனால் மூன்றாவது வாரத்திலும் அது மட்டுமே நடந்தால் வாய் திறந்து கேட்க வேண்டும். ‘எனக்கென்று ஒரு சின்னக் கேள்வி கொடுத்தால் மீதி வாரங்களில் முடித்துக்காட்டுகிறேன்’ என்று சொல்லுங்கள். வழிகாட்டி ஊரில் இல்லாமல் போனால் யாரிடம் கேட்பது என்று அவர் கிளம்பும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது அவமதித்தாலோ, தவறாக நடந்துகொண்டாலோ தேதியோடு எழுதிவையுங்கள். திட்ட ஒருங்கிணைப்பாளரிடமோ நிறுவனத்தின் புகார்க் குழுவிடமோ உங்கள் கல்லூரி ஆசிரியரிடமோ சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்குப் பயந்து எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாதியில் விலகுவதும் மதிப்பான முடிவுதான்.

கடைசி இரண்டு வாரம்

புதிய சோதனை எதையும் தொடங்காதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும், ஏனென்றால் அப்போதுதான் கை நன்றாக ஓடத் தொடங்கியிருக்கும். இருந்தாலும் நிறுத்துங்கள். பாதியில் விட்ட மூன்று சோதனைகளைவிட முழுமையாக முடித்த ஒன்று ஆய்வகத்துக்கு உதவும்.

இப்போது செய்ய வேண்டியது ஒப்படைப்பு. இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: என்ன கேள்வி, என்ன செய்தேன், எது வந்தது, எது வரவில்லை, அடுத்து செய்வதாக இருந்தால் எங்கே தொடங்குவேன், எந்த மாதிரி எந்தக் குளிர்பெட்டியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது, எந்தக் கோப்பு எந்த அடைவில் இருக்கிறது. ‘எது வரவில்லை’ என்ற பகுதியைச் சுருக்காதீர்கள். அடுத்து வருகிறவருக்கு மாதக்கணக்கில் மிச்சமாவது அங்கேதான். குழாய்களின் மேல் உங்கள் முதலெழுத்து மட்டும் எழுதியிருந்தால் முழுப் பெயர், தேதி, உள்ளடக்கம் மூன்றையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள். மைனஸ் 80 பெட்டியில் சாதாரண மை நிற்காது, உறைநிலை தாங்கும் பேனாவும் ஒட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் இந்தக் குறிப்பை ஆய்வகத்தில் உங்கள் வேலையைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ஒரு மாதிரியைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

சுவரொட்டி வைக்கச் சொன்னால், வழக்கமான ஏ0 அளவு 841க்கு 1189 மில்லிமீட்டர். இவ்வளவு இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் நிரப்பாதீர்கள். கேள்வி ஒன்று, படங்கள் மூன்று, முடிவு ஒன்று. நடந்துபோகிறவர் சில அடி தூரத்திலிருந்தே படிக்க முடிய வேண்டும்.

வெளியாகாத தரவையோ படங்களையோ சமூக ஊடகத்தில் போடும் முன் அனுமதி கேளுங்கள். உங்கள் கல்லூரியில் பேசுவதற்கும் அப்படித்தான். ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பெயர் வருமா என்று கேட்பதும் உங்கள் உரிமை. ‘இந்த வேலை கட்டுரையாக மாறினால் என் பங்கு எப்படிக் குறிப்பிடப்படும்?’ என்று நேராகக் கேளுங்கள். நன்றி வரியில் மட்டும் வரும் என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கிளம்பிய பிறகு

ஒரு வாரத்துக்குள் நன்றி சொல்லி எழுதுங்கள், தினமும் உங்களோடு நின்றவருக்குத் தனியாக. உங்கள் மாதிரிகளைப் பற்றிக் கேட்டு யாராவது எழுதினால் அன்றே பதில் போடுங்கள். பரிந்துரைக் கடிதம் தேவைப்படும்போது, கடைசித் தேதிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு கேளுங்கள். கூடவே உங்கள் பயோடேட்டா, எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்ற விவரம், நீங்கள் எழுதிய ஒப்படைப்புக் குறிப்பின் நகல் மூன்றையும் அனுப்புங்கள். மாதங்கள் கழித்து எழுதும் அவருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும், எந்தச் சோதனையை எப்படிச் செய்தீர்கள் என்பது மறந்திருக்கும். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் அவர் விவரமாக எழுத முடியும்.